நூரா பயந்தால் மகிழம்பூ மணக்கும்

நகரத்தின் குப்பையெல்லாம் கடைசியில் வந்து சேரும் மேட்டுக்குப் பக்கத்தில் நந்தவனம் என்று பெயர் வைத்து நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். வீடு பார்க்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டிய நாளில் காற்று மேற்கே போய்க்கொண்டிருந்தது. பால் காய்ச்சிக் குடிவந்த மறுநாள் அது கிழக்கே திரும்பியது, பிறகு மனம் மாறவே இல்லை. மழையில் ஊறி வெயிலில் புகைந்த அந்த மேட்டிலிருந்து, அழுகிய முட்டைக்கோஸும் கோழிக்குடலும் எரிந்த வயரும் குழந்தைகளின் டயபரும் கலந்த நாற்றம் கிளம்பி வந்து, துவைத்த துணியில் இறங்கி, கொதிக்கும் ரசத்தில் இறங்கி, தலையணை உறைக்குள் இறங்கி, புருஷன் பெண்டாட்டி முகத்தோடு முகம் வைக்கும்போது நடுவில் வந்து படுத்துக்கொண்டது. விருந்தாளிகள் வருவதை நிறுத்தினார்கள். வந்தவர்களும் காபியை வாய்வரை கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தார்கள்.

அந்த வீடுகளில் ஒன்றில் குமுதவல்லி தன் கணவன் தணிகாசலத்தோடு இருந்தாள். வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வெகுகாலம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவள், இப்போது ஒரு டயாலிசிஸ் சென்டரில் பகல் வேலை பார்த்தாள். நந்தவனத்தில் எல்லோருக்கும் அவள் ‘சிஸ்டர்’. தணிகாசலம் மோட்டார் பம்ப் விற்கிறவன், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பிள்ளை இல்லை.

அவள் வேலை பார்த்த அந்த ஊரில், வேலை முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்களும் மற்றவர்களும் வளர்த்த நாய்களைக் காரில் ஏற்றிப்போய்ப் பாலைவனத்தில் இறக்கிவிட்டு விமானம் ஏறுவார்கள். அப்படி இறக்கப்பட்டவற்றைப் பொறுக்கிவந்து வைத்திருக்கும் காப்பகம் ஒன்றிலிருந்து, அவளோடு வேலை பார்த்த தோழி படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லா நாயும் கேமராவைப் பார்த்து நாக்கைத் தொங்கவிட்டன. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்தது. எந்தப் படத்திலும் அதன் முதுகும் காதுகளும் வரிசையாகத் தெரியும் முதுகெலும்பும்தான். குமுதவல்லி அந்த முதுகைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“நம்ம கேட்டுக்கு வெளியவே ஒரு பட்டாளம் படுத்திருக்கு. கடல் தாண்டி ஒண்ணு வரணுமா?” என்றான் தணிகாசலம்.

“அதுங்களுக்கு நம்மளப் பாத்தா பயம் இல்லீங்க. வாலாட்டுது, வாங்கித் திங்குது. இது செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. இத யாரும் எடுக்க மாட்டாங்க.”

“பேரு என்ன?”

“நூரா.”

“நூறா? எம்பதுக்குத் தர மாட்டாங்களாமா?” என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனை அவளுக்குப் பிடிக்கும்.

நூரா கூண்டோடு வந்து இறங்கியது. மணல் நிறம், ஒட்டிய வயிறு, நாற்காலிக் கால் மாதிரி நீண்ட மெல்லிய கால்கள், ஒரு காதின் நுனி இல்லை. கூண்டைத் திறந்ததும் யாரையும் பார்க்காமல் சுவரோரமாகவே ஓடி, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கைக் கண்டுபிடித்து உள்ளே போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டது. குமுதவல்லி தட்டில் சோறு வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். தணிகாசலம் பசிக்கிறது என்றான். அவள் எழுந்துபோய்க் குக்கரை ஏற்றினாள்.

முதல் விசில் அடித்தது. நூராவின் முதுகு ரோமம் ஒரு அலைபோல எழுந்தது, கால்கள் வெடவெடவென்று ஆடின, அது நின்ற இடத்தில் ஈரம் பரவியது, வீடு முழுக்க மகிழம்பூ மணத்தது.

மகிழம்பூ மட்டும் இல்லை. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய வெல்லப்பாகின் மணமும் அதில் இருந்தது, எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையின் உச்சந்தலை மணமும் இருந்தது. அது ஹாலைத் தாண்டி, கதவடியில் நுழைந்து, படிக்கட்டில் தண்ணீரைப் போல ஒவ்வொரு படியாக இறங்கி, மாடிக்கு மாடி நாற்றத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. கதவுகள் திறந்தன. ஜன்னல்கள் திறந்தன. மூடிய ஜன்னல்களுக்குள் வாழ்ந்து பழகியவர்கள் மூக்கை உயர்த்திக்கொண்டு படிக்கட்டில் வந்து நின்றார்கள்.

“என்ன ஊதுபத்தி சிஸ்டர் இது? எங்க வாங்கினீங்க?” என்று கீழ்வீட்டுப் பிரேமலீலா மேலே ஏறி வந்து கேட்டாள்.

ஊதுபத்தி இல்லை, நாய் என்று தெரிந்தபோது நந்தவனத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒருநாள் மஞ்சளாகவும் மறுநாள் கறுப்பாகவும் தண்ணீர் வருகிற குழாயையும், வயரால் கூடு கட்டுகிற காக்கையையும் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு நாய் பூவாக மணப்பதில் என்ன வந்தது. அவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “எப்பெப்ப வரும்?”

பயந்தால் வரும் என்பதைக் கண்டுபிடிக்க நாள் ஆகவில்லை.

பிரேமலீலாவின் மகளைப் பெண் பார்க்க வந்த ஒவ்வொரு குடும்பமும் பஜ்ஜியைத் தொடாமல் எழுந்துபோயிருந்தது. அடுத்த குடும்பம் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் குமுதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரே ஒரு விசில் சிஸ்டர். என் பொண்ணு வாழ்க்கை.” அந்தப் பெண் மூக்கில் பவுடரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். குமுதவல்லி வெறும் தண்ணீரை ஊற்றிக் குக்கரை ஏற்றினாள். கீழே மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்து, “வீடு கோயில் மாதிரி இருக்கு” என்று சொல்லி, தட்டை மாற்றிக்கொண்டாள். அன்றிரவு குமுதவல்லியும் நன்றாகத் தூங்கினாள். தலையணையில் குப்பை நாற்றம் இல்லை.

அதன் பிறகு அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சீமந்தத்துக்கு வந்தார்கள், சத்தியநாராயண பூஜைக்கு வந்தார்கள், வீடு விற்க ஆள் கூட்டிவந்தபோது வந்தார்கள், கடைசியில் ஒன்றுமே இல்லாமல் வந்தார்கள். சங்கத் தலைவர் வைரவநாதன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சாயங்காலக் காபி நேரத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை செய்துவிடலாம் என்று யோசனை சொன்னார். தணிகாசலம் அதற்கு ‘நூரா நேரம்’ என்று பெயர் வைத்தான். அவர்கள் டம்ளரோடு வந்து சோபாவிலும் மோடாவிலும் உட்கார்ந்து, வாஷிங் மெஷினைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

குக்கர் சத்தம் அதற்குப் பழகிப்போனது. எவர்சில்வர் தட்டைப் போட்டார்கள். தட்டு பழகியபோது பலூனை உடைத்தார்கள். பலூன் பழகியபோது ஒருவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தவழ்ந்துபோய் இடுக்கில் முகத்தை நீட்டினார். “நேத்து என் ஐடியா” என்று மறுநாள் லிஃப்டில் சொல்லிக்கொண்டார். நூரா ஒவ்வொரு தடவையும் சுவருக்குள் போய்விடுவதுபோல முகத்தை அழுத்தியது. மூக்கு நுனியில் தோல் உரிந்து சுவரில் சின்னதாக ரத்தக்கறை பட்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லோருடைய கண்ணும் மூடியிருக்கும்.

குமுதவல்லி மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். அவள் பார்த்ததெல்லாம் மூக்குகள். விரிந்து சுருங்குகிற துவாரங்கள், அவற்றின் உள்ளே அசைகிற மயிர், மூச்சை இழுத்து முடித்ததும் உதட்டில் வழிகிற திருப்தி, அதன்மேல் காபி நுரை. ஈரத்தில்தான் மணம் கெட்டியாக இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்து, தரையில் நாய் விட்டிருந்ததைப் பஞ்சில் ஒற்றிக் குங்குமச் சிமிழில் எடுத்துப்போனார்கள். பிரேமலீலா அதைக் காதுமடலில் தொட்டுவைத்துக்கொண்டு, “சிஸ்டர், பாருங்க, சாயந்தரம் வரைக்கும் நிக்குது” என்று தலையைச் சாய்த்துக் காட்டினாள். குமுதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனிதர்களின் ரத்தமும் சீழும் மலமும் அவள் கையில் பட்டவைதான், ஒருநாளும் அவள் முகம் சுளித்ததில்லை. இப்போது பூக்கடையைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வெல்லம் போட்ட எதையும் அவளால் விழுங்க முடியவில்லை. நூரா நேரம் முடிந்ததும் மொட்டைமாடிக்கு ஏறிப்போய், குப்பைமேட்டைப் பார்த்து நின்று, வாயைத் திறந்து அந்த நாற்றத்தை உள்ளே இழுத்தாள். அதுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் அவள் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

“வெளிய ஜனங்க நிக்கிறாங்க குமுதா.”

“நிக்கட்டும்.”

“இப்ப என்ன ஆச்சு? நாம அத அடிக்கிறோமா? கிள்ளுறோமா? வேளைக்கு சோறு வெக்கிறோம், ஃபேன் போடுறோம். பயப்படுது, அவ்வளவுதானே. பயம் என்ன காயமா?”

“நீங்க ஒரு தடவையாவது குனிஞ்சு அது கண்ணப் பாத்திருக்கீங்களா?”

“அது எங்க காட்டுது கண்ணை?” என்றான் அவன், நியாயமான ஒரு குறையைச் சொல்கிறவன்போல.

அவள் வேலைக்குப் போகும்போது அறைக்குள் நூராவை வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப்போனாள். சாயங்காலங்களில் வாசலில் செருப்புகள் சேர்ந்தன, பிறகு முணுமுணுப்பு சேர்ந்தது. படியில் எதிர்ப்பட்டவர்கள் அவளுக்கு வழிவிடாமல் நின்றார்கள். நல்லதை ஒருத்தியே வைத்துக்கொண்டு அனுபவிக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

நந்தவனத்தின் ஆண்டு விழா வந்தது. பந்தல் போட்டு, சீரியல் பல்பு கட்டி, கேசரிக்கும் வெஜிடபிள் பிரியாணிக்கும் சொல்லியிருந்தார்கள். டயாலிசிஸ் சென்டரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியதால் குமுதவல்லி தாமதமாகத்தான் கிளம்பினாள். வெயில் சாயும் நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே அவளுக்கு மகிழம்பூ மணத்தது.

நிறுத்தத்தில் நின்றவர்கள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கரும்புச்சாறு பிழிகிறவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தான். ஆட்டோக்காரர்கள் சீட்டில் சாய்ந்து கிடந்தார்கள். இதுவரை அந்த மணம் நந்தவனத்தின் கேட்டைத் தாண்டியதில்லை. இவ்வளவு தூரம் வருவதற்கு எவ்வளவு பயம் வேண்டும் என்று அவளுக்கு மட்டும் தெரிந்ததால், அந்தச் சிரிக்கிற முகங்களுக்கு நடுவே அவள் ஒருத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு ஓடினாள்.

பந்தலில் எல்லோரும் பட்டுப்புடவையிலும் வேட்டியிலும் இருந்தார்கள். கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து நின்றார்கள். வைரவநாதன் அழுதுகொண்டிருந்தார், அத்தனை ஆனந்தம். அவள் மாடி ஏறினாள். அறைப்பூட்டு மாற்றுச்சாவியால் திறக்கப்பட்டிருந்தது. தணிகாசலம் புதுச் சட்டையில், வியர்வையோடு, ஹாலின் நடுவில் நின்றிருந்தான். அவன் கையில் அவனுடைய தோல் பெல்ட் இரண்டாக மடிந்து தொங்கியது.

“தொடவே இல்ல குமுதா. சத்தியமா. ரூமைத் திறந்ததும் இங்க வந்து ஒளிஞ்சுது. சும்மா இடுப்புல இருந்து உருவினேன். உருவுற சத்தம் கேட்டதுக்கே…” அவன் மூச்சை ஆழமாக இழுத்து, தன்னை மறந்து சிரித்தான். “பாரேன் வாசனையை!”

எந்தச் சிரிப்புக்காக அவளுக்கு அவனைப் பிடித்திருந்ததோ அதே சிரிப்புதான் அது. அவள் அவன் காலடியிலேயே வாந்தி எடுத்தாள். மத்தியானம் தின்ற தயிர்சாதம் முழுக்க வந்தது. அவன் “சீ!” என்று துள்ளி விலகினான். அந்த வாந்திகூட மகிழம்பூவாகவே மணத்தது. அது தாளாமல் அவளுக்கு மறுபடியும் வாந்தி வந்தது.

நூரா இடுக்கில் இருந்தது. பல்லால் தன் முன்னங்காலைத் தானே கடித்துக்கொண்டிருந்தது. குமுதவல்லி வாஷிங் மெஷினை இழுத்துத் தள்ளினாள், குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியது. படுக்கை விரிப்பைப் போட்டு நாயை முழுக்க மூடி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். “எங்க போற? விழா நடக்குது!” என்று தணிகாசலம் பின்னாலேயே வந்தான். பந்தலில் ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் கடந்துபோகும்போது இரண்டு பக்கமும் நின்றவர்கள், கேசரி ஒட்டிய விரல்களோடு, அந்தத் துணிமூட்டையை நோக்கிக் குனிந்து குனிந்து மூச்சை இழுத்தார்கள்.

குப்பைமேட்டுக்கு அந்தப்பக்கம், லாரிகள் திரும்புகிற தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வீட்டை அவள் வாடகைக்குப் பிடித்தாள். அங்கே நாற்றம் இன்னும் பலமாக இருந்தது. வேலை முடிந்து வந்து தட்டில் சோறு வைத்துவிட்டு, நூரா ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் அவள் எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, தடவவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. இரண்டு முதுகுகளுக்கு நடுவில் தட்டு இருந்தது. லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் மகிழம்பூ மணத்தது, அவள் ஜன்னலைத் திறந்து அதை வெளியே விரட்டினாள். மழைக்காலம் வந்து போனது. மணம் மெலிந்துகொண்டே வந்தது. பிறகு ஹாரனுக்கு வரவில்லை, இடிக்கு மட்டும் வந்தது. பிறகு இடிக்கும் இல்லை. ஒரு மத்தியானம் அவள் அப்படியே எதிர்ச்சுவரில் நெற்றியைச் சாய்த்துக் கண் அசந்தபோது முதுகில் ஏதோ சூடாக அழுத்தியது. அவள் அசையவில்லை. நனைந்த கோணிச்சாக்கும் ஊசிப்போன சோறும் கலந்ததுபோல ஒரு வீச்சம் வந்தது. நாய் வீச்சம். குமுதவல்லி திறந்த வாயோடு அதை உள்ளே வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

அவர்கள் அவளைத் தேடிக்கொண்டு வந்தபோது வைரவநாதன் முன்னால் வந்தார், பிரேமலீலா வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பாளம் ஏந்தி வந்தாள், தணிகாசலம் பின்னால் நின்றான்.

“கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு சிஸ்டர்,” என்றாள் பிரேமலீலா. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மறுபடி வர்றாங்க. அந்த வாசனைய நெனச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க. ஒரே ஒரு மணி நேரம் குடுங்க.”

“குடுக்க மாட்டேன்.”

வைரவநாதன் பொறுமையாகப் பேசினார். “நாய் உங்களுதும்மா. அத நாங்க மறுக்கல. ஆனா வாசனை பொதுச்சொத்து. காத்துல வர்றது. அத நீங்க தடுத்து வெக்கிறது தர்மமில்ல.”

பிரேமலீலா, கை நழுவியதுபோல, தாம்பாளத்தைச் சிமெண்டுத் தரையில் போட்டாள். அது அலறிச் சுழன்று அடங்கியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்கள்.

உள்ளேயிருந்து நூரா வந்தது. சுவரோரமாக இல்லாமல் நேராக, நடுவாசல் வழியாக வந்து, குமுதவல்லியின் கால்களுக்கு முன்னால் நின்று, வந்திருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அதன் தொண்டையில் உருளைக்கற்கள் உருள்வதுபோல ஒரு சத்தம் எழுந்தது. அந்தக் குரலைக் குமுதவல்லியே அன்றுதான் முதலில் கேட்டாள்.

“உவ்வே,” என்றாள் பிரேமலீலா, கண்ணைத் திறந்து. “என்ன சிஸ்டர் இது, நாய் கவிச்சி! குளிப்பாட்ட மாட்டீங்களா?”

“கெடுத்துட்டீங்களேம்மா,” என்றார் வைரவநாதன். அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

சிதறிய பழங்களைப் பொறுக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் போனார்கள். குப்பைமேட்டை ஒட்டியே நடந்துபோனவர்கள், தெரு முனை வரை ஒரு நாயின் நாற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.

நந்தவனத்துக்காரர்கள் அதோடு விடவில்லை. அந்தக் காப்பகத்துக்கே எழுதி, அன்பான குடும்பங்கள் இங்கே காத்திருக்கின்றன, இருப்பதிலேயே மிகவும் பயந்த நாயாக அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அங்கிருந்தவர்கள் நெகிழ்ந்துபோய் ஒன்றை அனுப்பினார்கள். சாயங்காலக் காபியோடு எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள், தட்டைப் போட்டார்கள், பலூனை உடைத்தார்கள், பெல்ட்டை உருவினார்கள். அந்த நாய் நடுங்கியது, ஈரம் விட்டது, ஊளையிட்டது. மூத்திர நாற்றம்தான் வந்தது. இன்னும் போதாது என்று நினைத்து இன்னும் செய்தார்கள். அதற்கும் மூத்திர நாற்றம்தான் வந்தது.

ஒரு காலையில் தணிகாசலம் ஆட்டோவில் கூண்டோடு வந்து இறங்கினான். கூண்டின் மூலையில் கறுப்பாக, முகமே தெரியாமல், ஏதோ சுருண்டிருந்தது.

“இது ஒண்ணுத்துக்கும் ஆகல,” என்றான். “திருப்பி எடுக்க மாட்டேங்கிறாங்க. குப்பைமேட்டுல விட்டுடலாம்னாங்க. நான்தான் உன்கிட்ட கேக்கலாம்னு…”

குமுதவல்லி குனிந்து கூண்டின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“நீ எப்ப வர்ற குமுதா? நானும் சோத்துக்குக் கஷ்டப்படறேன். வேணும்னா நான் இங்க வந்துடட்டுமா?”

கேட்டுக்கொண்டே அவன் கூண்டின்மேல் குனிந்தான். அவளுக்கு உதவி செய்யத்தான் குனிகிறான் என்று ஒரு கணம் அவள் நினைத்துவிட்டாள். அவன் கண்ணை மூடி, மூச்சை மெல்ல உள்ளே இழுத்துப் பார்த்தான்.

“வீட்டுக்குப் போங்க,” என்றாள் அவள். கூண்டை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். வெளியே அவன் இரண்டு தடவை அவள் பெயரைக் கூப்பிட்டான். பிறகு ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

கூண்டிலிருந்து வந்த நெடியில் கண் எரிந்தது. அவள் அதன் கதவைத் திறந்துவைத்து, உள்ளே பார்க்காமல், பக்கத்தில் ஒரு தட்டை வைத்தாள். நூரா எழுந்து வந்து கூண்டைச் சுற்றி ஒருமுறை முகர்ந்துவிட்டு, கம்பியோடு முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டது. குமுதவல்லி அடுப்படிக்குப் போய், அரிசியைக் களைந்து, திறந்த பானையில் உலை வைத்தாள். சோறு பொங்கி வரும்போது பின்னால் சிமெண்டுத் தரையில் நகங்கள் நடக்கிற சத்தம் கேட்டது. நூராவின் நடை அவளுக்குத் தெரியும். இது வேறு நடை, நின்று நின்று வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தாள்.